ரேடியோவில் சொன்ன ‘மேல’

1

இன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. காலையில் கதவைத் திறந்து பார்த்ததுமே மறுபடி சாத்திவிட்டேன்.

எங்கள் மலையூர் உடப்புசல்லாவையில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அங்கே வெயில் எட்டிப் பார்த்தாலே கொண்டாட்டம்தான். கம்பளியையும் போர்வையையும் வெளியே தூக்கிப் போட்டுவிடுவோம். நமக்குப் பயம் என்றால் அது பனிமூட்டம். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில், எதிரே வருவது பஸ்ஸா, மாடா, சரிந்து விழுந்த மண்ணா என்று தெரியாமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இங்கே கனடாவில் நான் வேலை பார்க்கும் இந்தச் சின்ன விமானத் திடலில் எல்லாம் தலைகீழ். மூட்டம் இறங்கினால் யாரும் பறக்க மாட்டார்கள். நான் நிம்மதியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன். வெயில் அடித்தால்தான் ஆபத்து. சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருக்கிற அத்தனை பேரும் அன்றைக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள்.

சொந்த விமானம் என்றதும் கோடீஸ்வரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பல் வைத்தியர், ஓய்வு பெற்ற வாத்தியார், சோளம் போடுகிற விவசாயி, இப்படிப்பட்ட ஆட்கள். விமானத்தில் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரலாம். கதவைச் சாத்தினால் நம்மூர்ப் பழைய வேன் கதவு மாதிரி டப்பென்று ஒரு சத்தம் வரும். எனக்கு வேலை, ஓடுபாதை ஓரத்துப் புல்லை வெட்டுவது, பனிக்காலத்தில் பனியைத் தள்ளுவது, விமானங்களுக்கு எண்ணெய் அடிப்பது.

பெரிய விமான நிலையங்களில் ஒரு கோபுரம் இருக்கும். அதில் உட்கார்ந்திருக்கிறவர் நீ இப்போது இறங்கு, நீ பொறு என்று சொல்வார். எங்கள் திடலில் அப்படி எதுவும் கிடையாது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இறங்கப் போகிறேன் என்று அவரவரே அறிவித்துக்கொள்ள வேண்டும். இதை எனக்கு விளக்கியபோது அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. ராகலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறோமே, அதேதான். ஹார்ன் அடிக்காமல் ஒருத்தன் வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

போன கோடையில் இதே மாதிரி ஒரு வெயில் நாளில்தான், ஒருவர் ஹார்ன் அடிக்காமல் வந்தார். அப்போது என் மகள் பவித்ரா தனியாக ஆகாயத்தில் இருந்தாள்.

2

லொறி டிரைவர் எப்படி விமானத் திடலுக்கு வந்தான் என்று கேட்பீர்கள். எல்லாம் என் மனைவி ராணியின் புண்ணியம். அவள் முதலில் வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனாள். அந்தக் குடும்பம் கனடாவுக்கு மாறியபோது அவளையும் கூட்டி வந்தது. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, இங்கே தங்க உரிமை வாங்கி, பிறகுதான் என்னைக் கனடாவுக்கு எடுப்பித்தாள். என் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. நாங்கள் மூன்று பேர் இல்லை, ஒரே மாரிமுத்துதான் என்று இங்குள்ளவர்களை நம்ப வைப்பதற்குள் அவளுக்கு முடி நரைத்துவிட்டது. பவித்ரா இங்கேதான் பிறந்தாள்.

முதலில் நகரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். இந்த வேலை கிடைத்ததும் இந்தச் சின்ன ஊருக்கு வந்துவிட்டோம். புல் வெட்டத்தானே போகிறோம் என்று நினைத்தேன். ஓடுபாதைப் பக்கம் டிராக்டரில் போகிறவனும் ரேடியோவில் பேச வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று நான் மனப்பாடம் செய்ய, பவி என்னைத் திருத்திக்கொண்டே இருப்பாள். எனக்கு ‘வி’யும் ‘டபிள்யூ’வும் ஒரே வாயில் வரும். அவள் உதட்டைப் பிடித்துக் காட்டுவாள்.

எப்படியோ தேறிவிட்டேன். ஆனால் டிரைவர் வாய் லேசில் மாறுமா? ஒருநாள் நான் ஓடுபாதையைக் கடக்க நிற்கிறேன். முன்னால் ஒரு விமானம் அசையாமல் நின்றது. ரேடியோவை அழுத்தி, மிகுந்த மரியாதையோடு, “பிளீஸ் கிவ் சைட்” என்றேன். ஊரில் “சைட் குடுங்க” என்றால் நாய்கூட ஒதுங்கும். அந்த விமானி தனக்கு ஏதோ ரகசியக் குறிப்பு வந்திருக்கிறது என்று நினைத்து எஞ்சினை நிறுத்திவிட்டார். திடலின் பறப்புப் பயிற்சியாளர் டேவ், ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழி விட்டார்.

அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். பதற்றத்தில் நாக்கு பழைய ரோட்டுக்கே ஓடிவிடுகிறது என்பதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

3

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசல்படிக்கு உள்ளே தமிழ்தான். பவி இங்கிலீஷில் ஆரம்பித்தால் எனக்குக் காது கேட்காது. அவள் மறுபடி தமிழில் கேட்கும்வரை நான் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். என்னைவிடப் பிடிவாதக்காரி என்பதால் சில நாள் சோறு ஆறிப்போகும்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். கற்பித்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர், நல்ல பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகள் கொடுப்பார். ஒரு மரம், மரத்துக்கு மேலே பறவை, மரத்துக்குக் கீழே பூனை. “பறவை மேலே இருக்கிறது. பூனை கீழே இருக்கிறது” என்று பவி வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிவாள். “இதுக்கா அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போறா? மேலயும் கீழயும் நான் சொல்லிக் குடுக்க மாட்டேனா?” என்று ராணியிடம் நான் கேலி பேசியிருக்கிறேன்.

திடலில் என்னோடு விளையாடி வளர்ந்த பிள்ளை, வளர்ந்ததும் பறக்கப் பழக வேண்டும் என்றாள். ராணி முடியவே முடியாது என்றாள். நான்தான் தலையாட்டினேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை. கொழுந்து லொறி ஓட்டியவன் மகள் விமானம் ஓட்டுகிறாள் என்று ஊருக்குச் சொல்ல ஆசை.

அவள் பழக ஆரம்பித்த வருடம், தூரத்தில் வேறொரு திடலில் இரண்டு சின்ன விமானங்கள் ஆகாயத்தில் மோதிக்கொண்டன. யாரும் பிழைக்கவில்லை. செத்தவர்களில் ஒருவர் டேவின் கூட்டாளி. செத்தவீட்டுக்குப் போய் வந்த டேவ், பல நாள் யாரிடமும் பேசவில்லை. மோதிய அன்றைக்கும் நல்ல வெயில்.

“இம்மாம் பெரிய வானத்துல எப்படி இடிச்சுக்குவாங்க?” என்று ராணி கேட்டாள். பவி சாப்பாட்டுத் தட்டில் இருந்து இரண்டு ரொட்டியை எடுத்தாள்.

“வானம் பெரிசும்மா. ஆனா எல்லாரும் இறங்கணும்ல? அப்ப எல்லாரும் ஒரே எடத்துக்கு வர்றாங்க.” ஒரு ரொட்டியைக் கீழே பிடித்தாள். “இது நான். எனக்குச் சிறகு தலைக்கு மேல இருக்கு. மேல பாத்தா ரொட்டிதான் தெரியும்.” இன்னொன்றை அதற்கு மேலே கொண்டுவந்தாள். “இவருக்குச் சிறகு காலுக்குக் கீழ. கீழ பாத்தா அவருக்கும் ரொட்டிதான். ரெண்டு பேரும் ஒரே பாதைக்கு இறங்குறோம். எனக்கு அவர் தெரியாது. அவருக்கு நான் தெரியாது.”

மேல் ரொட்டி மெதுவாக இறங்கிக் கீழ் ரொட்டியில் உட்கார்ந்தது. ராணி இரண்டையும் பிடுங்கித் தட்டில் போட்டாள்.

“இன்னொண்ணு,” என்றாள் பவி. “கண்ணாடியில அசையிற விமானம் பிரச்சினை இல்ல. அது விலகிப் போயிரும். ஒரே எடத்துல அசையாம ஒரு புள்ளி மாதிரி நிக்கும் பாருங்க, அதுதான் நம்ம மேல வருது.”

“அப்ப ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னா செய்வ?” என்றேன்.

“இறங்குறப்ப சந்தேகம் வந்தா யோசிக்கக்கூடாது. முழுசா வேகம் குடுத்து மேல ஏறிறணும். டேவ் அப்படித்தான் பழக்கியிருக்காரு.”

அன்று ராணி சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

4

தோட்டத்து ரோட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து யாராவது வாசிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ரோடு மலையைச் சுற்றிச் செதுக்கியது. ஒரு பக்கம் மேடு, அதில் தேயிலை. மறுபக்கம் பள்ளம். ஒரு லொறி போனால் ரோடு நிறைந்துவிடும். ஆட்கள் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு வரிசையாகப் போவார்கள். தலையில் மூட்டை இருப்பதால் திரும்பிப் பார்க்க முடியாது. வண்டி வருவதை முதலில் யார் கண்டாலும் ஒரே ஒரு சத்தம்தான்.

“மேல! மேல!”

கேட்டவள் கேட்டபடியே அதை முன்னால் போகிறவளுக்குக் கடத்துவாள். அடுத்த நொடி மொத்த வரிசையும் மேட்டில் ஏறி நிற்கும். மேட்டுப் பக்கம் ஏறு என்பதைத்தான் ஒரே சொல்லில் சொல்கிறோம். யாரும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்க மாட்டார்கள். வண்டி சறுக்கினால் பள்ளத்தில் நிற்கிறவர் கதி அதோகதி. நடக்கப் பழகிய பிள்ளைக்கு முதலில் பழக்குவது இதைத்தான். தூக்கத்தில் “மேல” என்று சொன்னாலும் நம்மில் பாதிப் பேர் கட்டிலை விட்டு ஏறிக் குதிப்போம். லொறி ஓட்டும்போது ஹார்னைவிட அந்தச் சத்தத்தைத்தான் நான் நம்பினேன். ராணியை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான். என் லொறியைக் கண்டு “மேல” என்று கத்திக்கொண்டு மேட்டில் ஏறி, என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றாள்.

பவிக்கு அந்தச் சத்தம் தெரியாது. அவள் வளர்ந்த தெருக்களில் நடைபாதை இருந்தது. வண்டிக்கு ஒதுங்கு என்று அவளிடம் கத்த எங்களுக்கு ஒருநாளும் தேவை வரவில்லை.

5

போன கோடையின் அந்த வெயில் நாளில், மத்தியானம் ஓடுபாதையின் தொங்கல் முனையில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பவி தனியாகச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். மேலே ஏறி, திடலை ஒரு வட்டம் வந்து, இறங்கி, மறுபடி ஏறுவது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் குரல் என் டிராக்டர் ரேடியோவில் கேட்கும். அந்தக் குரலில் என் மகள் இருக்க மாட்டாள், வேறு யாரோ ஒரு அதிகாரி இருப்பாள். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

கடைசித் திருப்பம் முடிந்து நேராக இறங்கி வருகிறேன் என்று அவள் அறிவித்தாள். நான் புல்வெட்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன்.

அவள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், அவளுக்கு மேலே, இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

வெள்ளை நிறம், சிறகு கீழே வைத்தது. ரேடியோவில் அதன் சத்தமே இல்லை. பவியைவிட வேகமாக, பவியைவிடச் சரிவாக, அவள் இறங்குகிற அதே பாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் முதலில் ஒரு லயத்து வீட்டு உயரத்துக்கு வானம் தெரிந்தது. பிறகு ஒரு ஆள் உயரம்போலத் தெரிந்தது. மேல் ரொட்டி இறங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

கை ரேடியோவை அழுத்தியது. பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுத்தவன் என்ன சொல்ல வேண்டும்? உனக்கு மேலே விமானம், ஏறாதே என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, முழுத் தமிழும் வரவில்லை. வண்டி வருகிறது, பிள்ளை ரோட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.

“பவி! மேல! மேல!”

கத்திய பிறகுதான் என் காதில் அது விழுந்தது. என் வாயாலேயே அவளை ஏறச் சொல்லிவிட்டேன். டேவும் அவளை ஏறத்தான் பழக்கியிருக்கிறார். வேகம் கொடுத்து அவள் மூக்கைத் தூக்கினால் நேரே அந்த வெள்ளை விமானத்தின் சக்கரத்தில் போய் முட்டுவாள். இல்லை, ஏறாதே என்று திருத்திச் சொல்ல மறுபடி அழுத்தினேன். மூச்சு மட்டும்தான் வந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டே நின்றேன்.

பவியின் விமானம் மூக்கைக் கீழே சாய்த்தது.

சாய்த்து, வலப்பக்கம் சரிந்து, மரங்களின் உச்சிக்கும் கீழே இறங்கிவிட்டது. வெள்ளை விமானம் அவள் விட்டுப்போன இடத்தின் வழியாகவே வந்து, எதுவும் நடக்காததுபோல ஓடுபாதையில் சக்கரம் பதித்து ஓடியது. பவி வைக்கோல் வயலுக்கு மேலே தரையைத் தடவுகிற மாதிரி பறந்தாள். விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். எஞ்சின் சத்தம் கூடியது. மெல்ல எழும்பினாள். இன்னொரு வட்டம் வந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் அதே அதிகாரிக் குரலில் அறிவித்து, இறங்கினாள்.

நான் டிராக்டரிலேயே இருந்தேன். அவள்தான் ஓடிவந்து என்னைப் பிடித்து இறக்கினாள்.

6

வெள்ளை விமானத்தில் வந்தவர் ஒரு வயதான மனிதர். அவரும் தன் இடத்தை ஒழுங்காக அறிவித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார், ஆனால் ஒரு எண் தவறிய வேறு அலைவரிசையில். பவி அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் புல்லில் உட்கார்ந்து அழுதார். அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

டேவ் என்னை எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தார். நான் கத்திய அந்தச் சொல் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பவி இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்: “மேல என்றால் எனக்கு மேலே ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அப்பா சொன்னார், அதனால்தான் நான் ஏறாமல் கீழே போனேன்.”

மரத்துக்கு மேலே பறவை. ஞாயிற்றுக்கிழமை அட்டை.

அடுத்த வாரம் திடலில் எல்லாரும் என்னைப் பார்த்து “மேலா!” என்று கையை உயர்த்த ஆரம்பித்தார்கள். டேவ் அதை அச்சடித்து எனக்கு ஒரு தொப்பியே தந்தார். விமானச் சம்பவங்களை விசாரிக்கும் அலுவலகத்தில் இருந்தும் போன் வந்தது. திடலில் ரேடியோப் பேச்சு பதிவாகும். அதில் ஒரு புரியாத மொழி இருக்கிறது என்று, ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாவையும் இணைப்பில் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு, அன்பான குரல்.

“ஐயா, நீங்கள் ரெண்டு தரம் ‘மேலை’ எண்டு சொல்லியிருக்கிறியள். பிள்ளைக்கு மேலால ஒண்டு வருது எண்ட கருத்திலதானே?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஆமாங்க,” என்றேன்.

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என்னைப் பாராட்டினார். கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது.

ராணியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நடந்த அன்று சாயங்காலமே, வேலை முடிந்து அவள் வந்து லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, பவி கையையும் காலையும் ஆட்டிக் கதையைச் சொன்னாள். அந்தச் சொல் வந்ததும் ராணியின் கத்தி நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பவி குளிக்கப் போனதும் கேட்டாள்.

“ஏங்க. நீங்க அவள ஏறத்தானே சொன்னீங்க?”

“ஆமா.”

“ஏறியிருந்தா?”

அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவகிட்டச் சொல்லிருங்க,” என்றாள்.

“சொன்னா பயந்துருவா. பயந்துக்கிட்டு அதை ஓட்டக்கூடாது ராணி.”

“சொல்லாட்டி உங்க வாய நம்பிப் போவா. அது மட்டும் நல்லதா?”

அவள் சொன்னதுதான் சரி. அந்த நாளுக்குப் பிறகு பவி ஒவ்வொரு தடவை பறக்கப் போகும்போதும் விமானத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, கீழ இருக்கீங்கதானே?” என்பாள். நான் தலையாட்டுவேன். “அப்ப சரி,” என்று ஏறிவிடுவாள். மேலே இருக்கும்போது அண்ணாந்து பார்ப்பதைக் குறைத்துவிட்டாள் என்று டேவ் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று இலையுதிர்காலமே போய்விட்டது. என்னை அவ்வளவு நம்புகிற முகத்தைப் பார்த்து, நான் உன்னைக் கொல்லப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

7

பனிக்காலத்தில் ராணியின் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று ஊருக்குப் போனோம். பவிக்கு இதுதான் முதல் தடவை. நல்லதண்ணிக்கு மலை ஏறிக் கும்பிடப் போகிற யாத்திரைக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தது. ராகலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மழையில் ரோடு உடைந்து ஆட்டோ ஏறாத இடத்தில் இறங்கி நடந்தோம். மூட்டம் இல்லை. அங்கேயும் நல்ல வெயில்.

எங்களுக்கு முன்னால் பெண்கள் கொழுந்து மூட்டையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பவி அவர்களைப் பார்த்துக்கொண்டே ரோட்டின் நடுவில் நடந்தாள். பின்னால் வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பெண் கத்தினாள்.

“மேல! மேல!”

ராணி கனடாச் சப்பாத்தோடு ஒரே எட்டில் மேட்டில் இருந்தாள். நானும் ஏறிவிட்டேன், எப்போது ஏறினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் பவி ரோட்டில் நிற்கிறாள். அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறாள். லொறி வளைவைத் திரும்பிவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு ஆகாயத்தில் செய்ததைப் போலவே, கீழே பார்த்து ஒதுங்கினாள். பள்ளத்துப் பக்கம்.

நான் குதித்து அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மேட்டுச் சேற்றில் போய் விழுந்தோம். லொறியின் பின்சக்கரம் பள்ளத்து ஓரத்து மண்ணைச் சரித்துக்கொண்டு போனது. டிரைவர் பிரேக் அடித்துத் தலையை வெளியே நீட்டினான்.

“என்னாங்கண்ணே! மேலன்னு இம்புட்டுக் கத்துறாங்க, பள்ளத்துக்குப் போகுது பிள்ள! வண்டி வந்தா மேட்டுல ஏறத் தெரியாதா?”

“வெளிநாட்டுப் பிள்ள, தமிழ் தெரியாது போல,” என்றாள் மூட்டைக்காரப் பெண்.

“எனக்குத் தமிழ் தெரியும்,” என்றாள் பவி, ரோசத்தோடு. லொறி போன பிறகும் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கூடி வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேலன்னா வண்டி மேல இருக்குன்னு இல்ல,” என்றாள் கடைசியில். “நாமதான் மேல ஏறணும்.”

“ஆமாம்மா.”

“அப்ப அன்னைக்கி நீங்க என்னை ஏறச் சொன்னீங்க.”

“ஆமா.”

“நான் ஏறியிருந்தா…”

“வேணாம். சொல்லாத,” என்றாள் ராணி.

பவி எழுந்தாள். “ஏம்ப்பா சொல்லல? நான் உங்கள நம்பித்தானே மேல போறேன்? நீங்க பாத்துக்குவீங்கன்னு நான் பாக்குறதையே விட்டுட்டேன்.”

சொல்ல வாய் வரவில்லை என்றேன். அது உண்மைதான், ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள். நாங்கள் பின்னால் போனோம். அடுத்த வளைவில் ஒரு முனியாண்டிக் கல் இருக்கிறது. வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிற கல். அதன் பக்கத்தில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தாள்.

“அப்பா, இனிமே ரேடியோவுல எங்கிட்டத் தமிழ் பேசாதீங்க.”

இத்தனை வருடம் வாசல்படிக்குள் இங்கிலீஷ் நுழைய விடாதவனிடம் என் மகள் இதைக் கேட்டாள். ஆனால் அவள் கேட்டது நியாயம்.

“சரி,” என்றேன்.

“எவ்வளவு அவசரம்னாலும் இங்கிலீஷ்தான். கத்துங்க, திட்டுங்க, தப்பா வேணும்னாலும் பேசுங்க. ஆனா இங்கிலீஷ்ல. நானும் நல்லா அண்ணாந்து பாத்துட்டுத்தான் இறங்குவேன்.”

“ஓகே,” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு ஹார்ன். வேறொரு கொழுந்து லொறி கீழிருந்து வருகிறது. நான் வாயைத் திறந்தேன். இப்போதுதானே வாக்குக் கொடுத்தேன் என்று மூடினேன். இங்கிலீஷில் இதற்கு என்ன சொல்வது? அபவ்? மூவ்? கிளைம்ப்? பரீட்சைக்குப் படித்த ஒன்றும் நாக்கில் வரவில்லை. ரோட்டின் நடுவில் நின்று சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

“மேல! மேல!”

ராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பவி மேட்டில் நின்றாள். அசல் தோட்டத்துக் குரல், வளைவு முழுக்கக் கேட்கிற மாதிரி.

“அப்பா! என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மேல!”

நான் ஏறினேன்.